அகத்தியர் தீர்த்தமும் லண்டன் கத்தியும்

தலைப்பைப் பார்த்து ஆன்மிகக் கட்டுரை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது மலச்சிக்கலின் வரலாறு. "அடுத்து எதைப் பத்திடா எழுதப்போற?" என்று கேட்ட வகுப்பு நண்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கேண்டீனே திரும்பிப் பார்த்தது. அரை மணி நேரம் கழித்து அதே நண்பன் தனியாக வந்து, "எங்கம்மாவுக்கு ரொம்ப வருஷமா இருக்குடா, எந்த டாக்டர்கிட்ட போறது?" என்று மெதுவாகக் கேட்டான். இதை எழுதியே ஆகவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் தீர்த்தமலைக்குப் பக்கம். தெரியாதவர்களுக்காக: தருமபுரி மாவட்டம், அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். ராமர் பூசைக்குத் தண்ணீர் வேண்டி அம்பு விட்டுப் பாறையைப் பிளந்தார், அந்தத் தண்ணீர்தான் இன்றும் விழுகிறது என்பது தலபுராணம். அருணகிரிநாதர் பாடிய தலம். ராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்னி தீர்த்தம் என்று பல தீர்த்தங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்வார்கள். அகத்தியர் தீர்த்தம் வயிற்று நோய்க்கு.

எங்கள் ஆயா மலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பாட்டிலில் அகத்தியர் தீர்த்தம் பிடித்து வருவார். தனக்கல்ல, என் அத்தைக்கு. அத்தைக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மலச்சிக்கல். ஞாயிற்றுக்கிழமை என்றால் விளக்கெண்ணெய், மற்ற நாட்களில் நிலாவரைப் பொடி. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு பேதி மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் மாறியது, அத்தையின் பாடு மாறவில்லை. "ஏன் இப்படி ஆகுது?" என்ற கேள்வியை யாருமே கேட்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. இந்த நோயின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோது இன்னொன்றும் புரிந்தது. உலகமே அந்தக் கேள்வியைக் கேட்காமல்தான் மூவாயிரம் வருடம் ஓட்டியிருக்கிறது!

நம் சித்த மருத்துவத்தில் மலக்கட்டு என்பது வாதத்தின் கோளாறு. தேரையர் எழுதியதாகச் சொல்லப்படும் நோய் அணுகா விதியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்று கணக்கே உண்டு. கவனியுங்கள், நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான். எங்கள் அத்தை மாதிரி வாரம் தவறாமல் அல்ல. மருந்துச் சரக்குக்கும் எங்கள் பக்கம் பஞ்சமில்லை. சித்தேரி மலையில் கடுக்காய், காட்டோரத்தில் கொட்டமுத்து (ஆமணக்கைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்). தெற்கே திருநெல்வேலிச் சீமையில் நிலாவரை. அந்த இலை தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் விற்றது. வெள்ளைக்காரனின் வயிற்றைக் கழுவியதில் நம் நெல்லைச் சீமைக்கும் பங்கு உண்டு :-)

இவை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது, நன்றாகவே வேலை செய்கின்றன. நிலாவரையில் உள்ள சென்னோசைடு நேராக வேலை செய்வதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியா அதை உடைத்து வேறு பொருளாக மாற்றிய பிறகே குடல் அசைகிறது. ராத்திரி சாப்பிட்டால் காலையில்தான் போகும் என்பதற்குக் காரணம் அதுதான். விளக்கெண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பதோ 2012-ல்தான் தெளிவானது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம், குடல் தசையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸ் சுவடியிலேயே ஆமணக்கு இருக்கிறது. மருந்து முதலில் வந்தது, விளக்கம் மூவாயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து!

எகிப்தியர்களிடமிருந்து மருந்தோடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது. குடலில் தங்கும் கழிவு அழுகி, அந்த நஞ்சு உடம்பெல்லாம் பரவி நோயாகிறது என்பது அந்தப் பயம். கேட்ட மாதிரி இருக்கிறதா? இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "குடலில் பல கிலோ கழிவு" செய்திகளின் கொள்ளுத்தாத்தா அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிருமியியல் வளர்ந்தபோது இந்தப் பழைய பயம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது. 1887-ல் பாரிஸின் ஷார்ல் பூஷார் இதற்குத் 'தன்நஞ்சேற்றம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்து, தன் பாடங்களைப் புத்தகமாகவே வெளியிட்டார். நோபல் பரிசு வாங்கிய மெச்னிக்காஃப், பெருங்குடலில் உள்ள கிருமிகள்தான் நம்மைக் கிழவனாக்குகின்றன, தயிர் சாப்பிடுங்கள் என்றார். மெச்னிக்காஃபால் யாருக்கும் கெடுதல் இல்லை, தயிர்தானே. கெடுதல் லண்டனில் நடந்தது.

சர் வில்லியம் ஆர்புத்நாட் லேன் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கைஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். சாதாரண ஆள் இல்லை. உடைந்த எலும்புக்குத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குவதில் முன்னோடி. காயத்தைக் கையால் தொடாமல் கருவிகளால் மட்டுமே அறுவை செய்யும் முறையை வளர்த்தவர். கத்தியில் அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் குறைவு. அப்படிப்பட்டவர் தன்நஞ்சேற்றத்தை முழுதாக நம்பினார். மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றதால் குடல் தொங்கி அங்கங்கே மடிந்துவிட்டது, அந்த மடிப்பில் கழிவு தேங்குகிறது, தேங்கிய கழிவிலிருந்துதான் தலைவலி முதல் மூட்டு நோய் வரை எல்லாம் வருகிறது என்றார். முதலில் பெருங்குடலை ஒதுக்கிவிட்டு, சிறுகுடலைக் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைத்தார். அப்புறம் பெருங்குடலையே வெட்டி எடுக்கத் தொடங்கினார். 1908 வாக்கில் இதைப் பற்றிப் புத்தகமும் வந்துவிட்டது. மேசையில் படுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது. மலச்சிக்கல் என்று வந்த பெண்ணின் பெருங்குடல், நிரூபிக்கப்படாத ஒரு கொள்கைக்காகப் போனது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது, பிழைத்ததே பெரிது.

பெர்னார்ட் ஷா 1906-ல் எழுதிய 'டாக்டர்ஸ் டைலமா' நாடகத்தில், எல்லா நோய்க்கும் ஒரே உறுப்பை வெட்டி எடுக்கும் மருத்துவர் ஒருவர் வருவார். அது லேன்தான் என்று பலர் சொல்வதுண்டு. 1913-ல் லண்டன் ராயல் மருத்துவக் கழகம் இந்தக் குடல் நஞ்சு விவகாரத்தை விவாதத்துக்கே எடுத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு லேன் கத்தியிலிருந்து மெல்ல விலகி, லிக்விட் பாரஃபின் எண்ணெய்க்கும், பிறகு உணவு, உடற்பயிற்சி பிரசாரத்துக்கும் போனார். 1925-ல் புது ஆரோக்கியச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, தவிட்டு ரொட்டி சாப்பிடுங்கள், காய்கறி சாப்பிடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பேச்சில் பாதி இன்றைக்கும் சரி. வாழ்க்கை எப்படியெல்லாம் வளைகிறது பாருங்கள்!

லேனின் அதே கைஸ் மருத்துவமனையில்தான் சரியான கேள்வியைக் கேட்டவரும் இருந்தார். ஆர்தர் ஹெர்ட்ஸ். (முதல் உலகப் போரின்போது ஜெர்மன் பெயர் வேண்டாம் என்று ஹர்ஸ்ட் என மாற்றிக்கொண்டார். தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.) எக்ஸ்ரே அப்போது புதுசு. சாப்பாட்டோடு பிஸ்மத் உப்பைக் கலந்து கொடுத்து, அது குடலில் எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறது என்று படம் பிடித்தார். 1909-ல் மலச்சிக்கலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவர் சொன்ன முக்கியமான விஷயம்: மலச்சிக்கல் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் பெருங்குடல் முழுவதுமே மெதுவாக நகர்கிறது. இன்னொன்றில் குடல் சரியாகக் கொண்டுவந்து மலக்குடலில் சேர்த்துவிடுகிறது, ஆனால் கடைசி வாசலில் வெளியேற்றம் நடப்பதில்லை. இந்த இரண்டாவது வகை, உணர்வு வரும்போது போகாமல் அடக்கி அடக்கிப் பழகியவர்களிடம் வருகிறது என்பதையும் கவனித்தார்.

நஞ்சுக் கொள்கையை உடைத்தவர்கள் அமெரிக்கர்கள். 1919-ல் வால்டர் ஆல்வரெஸ் ஓர் எளிய தர்க்கத்தை வைத்தார். மலச்சிக்கல்காரருக்குத் தலைவலி, மந்தம் எல்லாம் உண்மைதான். ஆனால் மலம் கழித்த சில நிமிடத்திலேயே அவை போய்விடுகின்றன. ரத்தத்தில் நஞ்சு கலந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் போகுமா? சாராயம் குடித்தவன் வாந்தி எடுத்த உடனே தெளிந்துவிடுகிறானா என்ன? (இந்த உதாரணம் என்னுடையது.) 1922-ல் டொனால்ட்சன் என்பவர் சோதித்தே பார்த்தார். நலமாக இருந்த ஆட்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்து வைத்தார். வெறும் பஞ்சு. அதே தலைவலி, அதே மந்தம் வந்தது. எடுத்ததும் போனது. பஞ்சில் ஏது நஞ்சு? மலக்குடல் விரிவதால் நரம்பு வழியாக வரும் தொந்தரவுதான் அது. மருத்துவ உலகம் மெல்ல ஒத்துக்கொண்டது. விளம்பர உலகம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்லாமல் போகக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது தனக்கு மலச்சிக்கல் இருந்ததையும், பிறகு அடால்ஃப் யுஸ்ட் என்ற ஜெர்மானியரின் இயற்கை வைத்திய நூலைப் படித்து வயிற்றில் ஈரமண் கட்டுப் போட்டுக்கொண்டதையும் சத்திய சோதனையில் கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார். ஒரு தேசத்தின் தலைவர் எழுதலாம், நாம் டாக்டரிடம் சொல்லக் கூசுகிறோம்.

அடுத்த பெரிய பெயர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்துக்காரர், உகாண்டாவில் அறுவை மருத்துவர். குழந்தைகளுக்கு வரும் ஒரு புற்றுநோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆப்பிரிக்கக் கிராமத்து மக்களிடம், ஐரோப்பாவில் சாதாரணமாகப் பார்க்கும் பல குடல் நோய்கள் இல்லையே என்று அவருக்கு ஓர் உறுத்தல். மலத்தை எடை போட ஆரம்பித்தார்! 1972-ல் அவரும் வாக்கர், பெயின்டர் இருவரும் லான்செட்டில் வெளியிட்ட கணக்கு இது: பிரிட்டிஷ் கடற்படைக்காரர்களும் மனைவிமாரும் ஒரு நாளைக்குச் சுமார் 104 கிராம், உணவு குடலைக் கடக்க 83 மணி நேரம். உகாண்டா கிராமத்தார் சுமார் 470 கிராம், 36 மணி நேரம். வித்தியாசம் நார்ச்சத்தில் என்றார். 1975-ல் டெல்லி டாண்டன்கள் இருவர் வட இந்தியர்களை வைத்து எடை போட்டு அதே லான்செட்டில் எழுதினார்கள். சராசரி 311 கிராம். அதாவது நாம் லண்டனைவிடக் கம்பாலாவுக்குப் பக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆயாவின் களிச்சட்டிதான் ஞாபகம் வந்தது. தருமபுரி கேழ்வரகுச் சீமை. ஆயா காலத்தில் மூன்று வேளையும் களி, கூழ், சாமைச் சோறு, துவரைக் குழம்பு, கீரை. நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். அப்புறம் ரேஷன் அரிசி வந்தது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, பசியை விரட்டிய அரிசி அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், தீட்டிய பச்சரிசியில் சுமார் 2.8 கிராம். ஒரு தலைமுறைக்குள் தட்டிலிருந்த நார் நாலில் ஒரு பங்கானது. 2023-ல் தமிழக அரசு தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தை முதலில் தொடங்கியது. எங்கள் வீட்டில் வாங்கினோம். ஆயா அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "நாங்க வெளைய வெச்சதையே எங்களுக்குக் குடுக்கறாங்களா சாமி?" என்றார்.

அப்படியென்றால் களி தின்றால் போதுமா? அத்தை களிதான் தின்றார். சரியாகவில்லை. பர்கிட்டின் கதை பாதிக் கதைதான் என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது.

மீதிக் கதையை எழுதியது லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. 1969-ல் ஹின்டன், லெனார்ட்-ஜோன்ஸ், யங் மூவரும் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய குட்டிக் குட்டி பிளாஸ்டிக் துண்டுகளை விழுங்கவைத்து எண்ணினார்கள். சரியான குடல் என்றால் ஐந்து நாளில் 80 சதவீதம் வெளியே வந்துவிட வேண்டும். வராமல் குடல் முழுக்கச் சிதறிக் கிடந்தால் மெதுவான குடல். கீழே ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால் வாசலில் சிக்கல் இருக்கலாம். எவ்வளவு மலிவான யோசனை! 1985-ல் பிரஸ்டன், லெனார்ட்-ஜோன்ஸ் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். சில நோயாளிகளுக்கு, முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை தளராமல் இறுகுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டே தாழ்ப்பாளும் போட்டால் எப்படித் திறக்கும்? அடுத்த வருடமே, கடும் மலச்சிக்கல் உள்ள, ஆனால் பேரியம் எக்ஸ்ரேயில் குடல் ஒழுங்காகத் தெரிகிற இளம்பெண்கள் 64 பேரைப் பற்றி எழுதினார்கள். குடலின் வடிவத்தில் குறை இல்லை, நகர்வில்தான் குறை. லேன் இந்தப் பெண்களிடம்தான் மடிப்பைத் தேடியிருப்பார்.

1997-ல் ஜெர்மனியில் ஃபோடர்ஹோல்சர் குழு எல்லோருக்கும் நார்ச்சத்து கொடுத்துப் பார்த்தது. பரிசோதனையில் எந்தக் கோளாறும் இல்லாதவர்களில் 85 சதவீதம் பேருக்குக் குணம். மெதுவான குடல் உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கும், வாசல் சிக்கல் உள்ளவர்களில் 63 சதவீதம் பேருக்கும் பலன் இல்லை. அதனால் முதலில் நார், தண்ணீர், சாதாரண மருந்து கொடுத்துப் பார்ப்பது சரிதான். அதில் கேட்காதவரிடம் "இன்னும் கொஞ்சம் கீரை சாப்பிடும்மா" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

குடல் சிறப்பு மருத்துவரிடம் போனால் என்ன செய்வார்? நான் அத்தையோடு போனதால் சொல்கிறேன். ஸ்கோப் குழாயோடு பாய்ந்து வருவார் என்று பயந்துபோனோம். அவர் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே இருந்தார். எப்போதிலிருந்து? முக்க வேண்டியிருக்கிறதா? போன பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுகிறதா? விரலால் எடுக்க வேண்டியிருக்கிறதா? (அத்தை என்னை வெளியே போகச் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான். பிறகு அவரே சொன்னார், "பத்து வருஷத்துல இதை யாருமே கேக்கலடா.") ஒரு படத்தைக் காட்டி உங்களுக்கு இதில் எது என்றார். பிரிஸ்டல் மல அட்டவணை என்று அதற்குப் பெயர், 1997-ல் லூயிஸ், ஹீட்டன் இருவரும் வெளியிட்டது. ஆட்டுப் புழுக்கை மாதிரி இருப்பது முதல் வகை, தண்ணியாகப் போவது ஏழாவது. ஆட்டுக்காரக் குடும்பத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் மருந்துச் சீட்டுகளையெல்லாம் வாங்கிப் பார்த்தார். மலச்சிக்கலுக்குப் பாதிக் காரணம் அந்தப் பையிலேயே இருக்கும் என்றார். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், சில ரத்த அழுத்த மாத்திரைகள், அலுமினியம் கலந்த அல்சர் மருந்து, பழைய வகை மனச்சோர்வு மாத்திரை, கோடீன் போன்ற அபின் வகை வலி மருந்து எல்லாம் குடலைக் கட்டும். தைராய்டு குறைவு, சர்க்கரை, ரத்தத்தில் கால்சியம் கூடுதல் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் நடுக்கவாதத்தைப் பற்றி எழுதிய சிறுநூலிலேயே மந்தமான குடலைக் குறித்திருக்கிறார். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வரலாம் என்பது பிற்காலத்தில் தெரிந்தது. எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு, தண்ணீர். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரை ஃபுளோரைடு மிகுந்த கிணற்றுத் தண்ணீர்தான் பல ஊர்களில். அது பல்லையும் எலும்பையும் மட்டுமல்ல, வயிற்றையும் தொந்தரவு செய்யும் என்று டெல்லி எய்ம்ஸில் ஏ.கே. சுசீலா குழு 1990களில் எழுதியது.

கொலோனோஸ்கோபி எல்லோருக்கும் இல்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்த மலச்சிக்கல், குடும்பத்தில் குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. இதை நண்பனிடம் முதலில் சொன்னேன், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு கையுறை மாட்டிக்கொண்டு விரல் பரிசோதனை. ஒரு பெண் செவிலியர் உடனிருந்தார். முக்குங்கள் என்று சொல்லி, தசை தளர்கிறதா இறுகுகிறதா என்று பார்ப்பது. செலவு ஒரு ஜோடி கையுறை. 2010-ல் சதீஷ் ராவ் குழு அமெரிக்காவில் செய்த ஆய்வில், வாசல் சிக்கல் உள்ளவர்களில் 75 சதவீதம் பேரை இந்த விரல் பரிசோதனையே கண்டுபிடித்துவிட்டது. பத்து வருடத்தில் அத்தைக்கு அது ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. டாக்டருக்கும் கூச்சம், அத்தைக்கும் கூச்சம், நடுவில் நிலாவரைப் பொடி. அதன் பிறகு பெரிய ஊரில் பலூன் சோதனையும் அழுத்தமானிச் சோதனையும் செய்தார்கள். மலக்குடலில் சின்ன பலூன் வைத்து 50 மில்லி தண்ணீர் நிரப்பி, போய் வெளியேற்றுங்கள் என்பார்கள். சாதாரணமாக ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அத்தைக்கு வரவேயில்லை.

இதில் நம் நாட்டின் பங்கும் உண்டு. இந்தியக் குடல் மருத்துவர்கள் ரொம்ப காலம் இதன் பக்கம் திரும்பவில்லை. குறை சொல்லவும் முடியாது, நம் பிரச்சினை எதிர்த்திசையில் இருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய் மாதிரி பரவிய ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1971 அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலால் காலராவோடு போராடிக்கொண்டிருந்தார். பேதியில் பிள்ளைகள் சாகும் நாட்டில் மலச்சிக்கலை யார் எண்ணுவார்? சென்னை மருத்துவக் கல்லூரியில் ந. ரங்கபாஷ்யம் குடல் அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையை உருவாக்கியதெல்லாம் இந்தத் துறை நம் ஊரில் வேரூன்றிய கதை. அது தனிக் கட்டுரைக்கு ஆகும்.

கடைசியில் எண்ணியபோது, மேல்நாட்டு அளவுகோல் நமக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தது. ரோம் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 2016-ல் அதன் நான்காம் பதிப்பு வந்தது. வாரத்துக்கு மூன்றுக்கும் குறைவாக மலம் கழிப்பது அதில் ஓர் அறிகுறி. ஆனால் தினம் ஒருமுறையோ இரண்டு முறையோ போகிற நம்மவர், வாரம் நான்காகக் குறைந்தாலே படாத பாடு படுவார், அளவுகோலில் சிக்கமாட்டார். குடல் வேகமும் அப்படித்தான். லக்னோ சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தில் உதய் சந்த் கோஷல் குழு 2007-ல் இந்தியருக்கென்று தனி முறை வகுத்தது. 12 மணி நேர இடைவெளியில் மூன்று முறை, இருபது இருபது துண்டுகளாக விழுங்கவைத்து, 36-வது, 60-வது மணியில் எக்ஸ்ரே. ஐந்து நாள் காத்திருந்தால் நம் குடலில் மெதுவானதும்கூடச் சாதாரணமாகத் தெரிந்துவிடும் என்பதே காரணம். 2018-ல் இந்திய இரைப்பை குடல் மருத்துவ அமைப்புகள் இரண்டு சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையும், எத்தனை முறை என்பதை மட்டும் பார்க்காமல் மலத்தின் தன்மையையும் முக்குவதையும் பாருங்கள் என்றது.

அத்தைக்கு ஏன் அந்தத் தசை இறுகப் பழகியது? டாக்டர் நிச்சயமாகச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: "சின்ன வயசுல வீட்ல கக்கூஸ் இருந்துச்சா?" இல்லை. விடிவதற்கு முன் ஏரிக்கரை, இல்லையென்றால் இருட்டிய பிறகு. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை இருந்தது, தண்ணீர் இல்லை, தாழ்ப்பாள் இல்லை. பகல் முழுக்க அடக்குவதுதான் பெண் பிள்ளைகளுக்குப் பழக்கம். 1990-ல் ஜெர்மனியில் 12 ஆரோக்கியமான ஆண்களை ஒரு வாரம் வேண்டுமென்றே அடக்கச் சொல்லி ஆய்வு செய்தார்கள். ஒரே வாரத்தில், மலக்குடல் மட்டுமல்ல, மேலே பெருங்குடலின் நகர்வும் மெதுவானது. அவர்கள் ஒரு வாரம் அடக்கினார்கள். அத்தை பதினைந்து வருடம். 2014-க்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கழிப்பறை வந்துவிட்டது. அத்தையின் தசை அதற்கு முன்பே பழகிவிட்டது.

சிகிச்சைக்குக் கத்தி இல்லை, கசாயம் இல்லை. பயோஃபீட்பேக் என்கிறார்கள். 1987 வாக்கில் நெதர்லாந்தில் இந்த நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய முறை. தசையின் அழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டி, எப்படி மூச்சை இழுத்து வயிற்றால் தள்ளுவது, எப்படிக் கீழே தளர்த்துவது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். டிராக்டர் ஓட்டப் பழகுவது மாதிரி, கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதிக்கக் கூடாது என்று அத்தைக்கு மாமா விளக்கினார். ஆறு முறை பஸ் ஏறிப் போய் வந்தார்கள். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய் நின்றுவிட்டது.

இந்த மாசித் திருவிழாவுக்கு அத்தையும் எங்களோடு தீர்த்தமலை ஏறினார். படியில் மூச்சு வாங்க நின்று நின்றுதான். ஆயா வழக்கம்போல அகத்தியர் தீர்த்தத்தில் பாட்டிலை நீட்டினார். "இன்னும் எதுக்கு ஆயா?" என்றேன். "இது உனக்குடா. ஆஸ்டல் சோறு திங்கறல்ல?" என்றார்.